கொமாண்டருக்கு ஒரு சலாம்

துன் என்ற ஏரிக்கரை நகருக்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணையில் வேலை செய்கிறேன். அங்கே ஹிப்பார்க் என்றொரு கிழட்டுக் குதிரை இருந்தது. பழைய கிரேக்கப் படையில் குதிரைப்படைத் தளபதியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம், முதலாளியம்மா சொன்னார். பெயருக்கேற்றபடி, அது நடந்தால்தான் மற்றக் குதிரைகள் பின்னால் நடக்கும். பின்னேரங்களில் மேய்ச்சல் வெளியின் கதவைத் திறந்து, ஒதுங்கி நின்று, "கொமாண்டர், வாங்கோ" என்று சலாம் போடுவேன்.

"குதிரைக்குச் சலாம். எனக்கு ஒரு வணக்கமும் இல்லையோ?" என்பார் கூட வேலை செய்யும் செல்வம் அண்ணை.

"நீங்களும் நாலு காலில வாங்கோ அண்ணை, போடுறன்."

போன கோடையில் ஹிப்பார்க் செத்துப்போனது. மறுநாள் பின்னேரம் ஏரிப்பக்கம் இடி முழங்கியது. வெளியில் நின்ற ஐந்து குதிரைகளையும் மழைக்கு முன் உள்ளே கொண்டுவர வேண்டும். கதவைத் திறந்து கூப்பிட்டோம், இழுத்தோம். ஒன்றும் அசையவில்லை. எல்லாம் கதவையே பார்த்தபடி நின்றன.

"மின்னல் விழுந்தா எல்லாம் முடிஞ்சுது. ஏதாவது செய்யடா." அண்ணை கத்தினார்.

வேறு வழி தெரியாமல் ஒதுங்கி நின்று சலாம் போட்டேன். "கொமாண்டர், வாங்கோ."

காற்றே இல்லை. என் கையில் மட்டும் சூடாக ஒரு மூச்சுப் பட்டது. ஐந்து தலைகளும் மெதுவாகத் திரும்பி, என்னைக் கடந்து போன எதையோ பார்த்தன. பிறகு வரிசையாக நடந்து வந்தன. முன்னால் போன அண்ணைக்கும் முதல் குதிரைக்கும் நடுவே ஒரு குதிரைக்கான இடம் வெறுமையாகவே வந்தது.

இப்போதும் சலாம் போடுகிறேன். கொமாண்டர் கடந்து போகும்வரை கையை இறக்குவதில்லை. பக்கத்தில் அண்ணையும்தான்.