நடுவீட்டுக் கட்டில்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்து முடித்ததும் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் பயிற்சி எடுத்தேன். "எழுதப் படிக்கத் தெரிஞ்சும் ஊரான் மூத்திரத்த அள்ளவா போன?" என்று சிரித்தவர்களில் என் தாய்மாமனும் ஒருவர். அவருக்குத்தான் வாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது.

லீவு எடுத்துக்கொண்டு அரியலூரில் ரயிலிறங்கி அவர் வீட்டுக்குப் போனேன். சுவரோடு ஒட்டிய கட்டிலில் மல்லாந்து கிடந்தார். அசைத்தால் உயிருக்கு ஆபத்து என்று பயந்து அத்தை அவரைப் புரட்டவே இல்லை. முதுகுக்குக் கீழே பார்த்தேன். வால் எலும்பின் மேல் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. அது எலும்பு வரை இறங்கினால் ஆள் பிழைப்பது கஷ்டம். வார்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கம் மாற்றி மாற்றிப் புரட்ட வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும். கட்டிலை இழுத்துக் கூடத்தின் நடுவே போட்டேன்.

அத்தை அலறிவிட்டாள். "உசுரோட இருக்குறவர நடுவூட்டுல கெடத்துறியே, ஒனக்குப் புத்தி இருக்கா?"

எங்கள் பக்கம் பிணத்தைத்தான் நடுவீட்டில் கிடத்துவார்கள். "சொவத்தோட இருந்தா புண்ணு ஆறாது அத்த" என்று மட்டும் சொன்னேன். மாமா என்னையே பார்த்தார். பிறகு, "அவன் சொல்றபடி வுடு" என்றார்.

கொட்டை எடுத்த பருத்தியைத் திணித்துத் தலையணைகள் செய்தோம். முதுகுக்கு ஒன்று, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, விழுந்த கையைத் தாங்க ஒன்று. குதிகால் பாயில் படாமலிருக்கப் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தேன். கடிகாரம் இல்லாத வீடு. பால் கறந்ததும், உலை வைத்ததும் என்று அத்தையின் வேலைகளோடு ஒவ்வொரு புரட்டலையும் சேர்த்துவிட்டேன்.

குன்னத்திலிருந்து பெரியம்மா வந்தாள். வாசலிலிருந்தே கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

மாமாவுக்கு நாக்கு குழறியது, ஆனாலும் விடவில்லை. "அக்கா, நிப்பாட்டு. நான் இன்னும் கஞ்சி குடிச்சிக்கிட்டுதான் இருக்கேன்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அங்கே போனதிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

லீவு முடிந்து திரும்பினேன். வார்டில் ஒவ்வொருவரைப் புரட்டும்போதும் அந்தப் புண் நினைவில் வந்தது. அடுத்த லீவில் போனபோதும் கட்டில் நடுவீட்டில்தான் கிடந்தது. அத்தையும் பெரியம்மாவும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

"இழுக்காதீங்க அண்ணி, தோலு வழண்டுடும். தோளையும் இடுப்பையும் சேத்துப் புடிங்க" என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வார்டில் சொல்லித்தருவதும் அதேதான். கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன். புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல்.

"மூடிடுச்சு மாமா" என்றேன்.

"நான் நேத்தே பாத்துட்டேன்" என்றாள் அத்தை.