சிவப்புப் பேனாவில் வந்த குவான்ட் ஸ்கோர்

"சார், நான் பத்தாங்கிளாஸுக்குக் கணக்கு எடுக்கிறேன். எனக்கே கணக்குல மார்க் வரல. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

செங்கல்பட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில், வெளிநாட்டு மேல்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்குக் கோச்சிங் நடத்துகிறேன். குவான்ட் எனப்படும் கணக்குப் பகுதி என் பொறுப்பு. அங்கே வந்து இப்படிச் சொன்னவர் கலைச்செல்வி, கருங்குழிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். வெளிநாட்டில் புள்ளியியல் எம்.எஸ். படிக்க அவருக்குக் கொள்ளை ஆசை. அவர் விண்ணப்பிக்கும் இடத்தில் குவான்ட்டில் நூற்று எழுபதுக்குக் குறைந்தது நூற்று அறுபத்தைந்து வேண்டும். முதல் தடவை வந்தது நூற்று ஐம்பத்து நான்கு. கெடு முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். அதிலும் விட்டால் அந்த சீட் போச்சு.

வழக்கம்போல ஃபார்முலா ஷீட்டைக் கொடுத்தேன். அம்மணி அதில் ஒரு டைப்பிங் தப்பைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தார்! ஆக, கணக்கு தெரியாமல் இல்லை. ஆனால் மாக் டெஸ்ட் என்கிற மாதிரித் தேர்வு வைத்தால் கடைசிக் கேள்விகளைத் தொடுவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

அடுத்த மாக் டெஸ்டில் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ரஃப் ஷீட்டில் ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டார். 'தீர்வு' என்று எழுதினார். வரிவரியாக ஸ்டெப் எழுதி, விடைக்கு அடியில் இரண்டு கோடு இழுத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"டீச்சர், விடைய கம்ப்யூட்டர்ல தொட்டா போதும், இந்தப் பேப்பர யாரு திருத்தப் போறாங்க? வெளிய வரும்போது வாங்கிக் குப்பையில போட்டுடுவாங்க."

"இன்னா சார் சொல்றீங்க? ஸ்டெப் இல்லன்னா எங்க பசங்களுக்கு நானே மார்க் கட் பண்ணுவேன்."

ஸ்கேலைப் பிடுங்கி வைத்தேன். பேப்பரை மடித்து மார்ஜின் உண்டாக்கினார். எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தன் பள்ளிப் பசங்களின் பரீட்சைப் பேப்பர் கட்டோடு வந்தார். டீ குடித்துக்கொண்டே, என்னோடு பேசிக்கொண்டே மடமடவென்று திருத்தித் தள்ளினார்.

"படிச்சுப் பாக்கிறீங்களா, இல்லையா?"

"எதுக்கு சார்? ஸ்டெப் கீதான்னு ஒரு பார்வ போதும், விடையப் பாத்தாலே எங்க தப்புன்னு தெரிஞ்சுடும். இவன் சென்டிமீட்டர மீட்டரா மாத்தல. இவ தள்ளுபடிய தப்பான விலையில போட்டுகீறா."

எனக்குப் பொறி தட்டியது. ஜி.ஆர்.இ.யில் கேள்விக்குக் கீழே தரும் ஐந்து விடைகளை அப்படித்தான் வைப்பார்கள். நாம் வழக்கமாகச் செய்யும் தப்புக்கு என்ன விடை வருமோ, அதையே அங்கே வைத்திருப்பார்கள். ஒரு கேள்வித்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இத நீங்க போட வேணாம். அஞ்சு பசங்க அஞ்சு விடை எழுதிக்கினு வந்து நிக்கிறாங்க. சிவப்புப் பேனாவ எடுங்க, திருத்துங்க."

முறைத்துவிட்டுப் படித்தார். சட்டென்று சிரித்துவிட்டார். "ஐயோ, இது எங்க கிளாஸ் கோகுல் மாதிரியே கீது! பாதிக் கணக்குல வந்தத விடைன்னு எழுதிட்டு எழுந்து போயிட்டான். இந்தா, ஒரு தப்பு!" மளமளவென்று நான்கு தப்பு, ஒரு சரி. அடுத்தது. அதற்கடுத்தது. அன்று முழு டெஸ்டையும் முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, டைம் மிச்சம் கீது!"

அதற்குப் பிறகு தினமும் அதே பயிற்சிதான். சென்னையில் அவர் பரீட்சை எழுதிய அன்று எனக்குப் பாடம் ஓடவில்லை. எழுதி முடித்ததும் ஸ்கோர் திரையிலேயே தெரிந்துவிடும். மதியம் போன் வந்தது. எடுத்தால் அழுகைச் சத்தம்.

"டீச்சர், அழாம சொல்லுங்க."

"நூத்தி அறுபத்தேழு, சார்!"

நான் போட்ட கூச்சலில் கீழே மெடிக்கல் ஷாப்காரர் வெளியே ஓடிவந்து, "அண்ணாத்த, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று மேலே பார்த்துக் கத்தினார். "பாஸாயிட்டோம்பா!" என்றேன். ஜி.ஆர்.இ.யில் பாஸ் ஏது, ஃபெயில் ஏது? சந்தோஷத்தில் அதுதான் வாயில் வந்தது.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்கோர் வராமல் ஒருவர் வந்து உட்கார்ந்தால், எந்தப் பாடம் வீக் என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். தினமும் என்ன வேலை பார்க்கிறார், அதில் எதை யோசிக்காமலே செய்கிறார் என்று கேளுங்கள். அவருக்கு வரவேண்டிய மார்க் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.