பொம்பிளைப் பகுதி

எங்கள் ஊரில் ஒரு பிரச்சினை இருக்கிறது என்பதை, அதைப் பற்றி நாடகம் வந்த பிறகுதான் நாங்கள் அறிந்துகொள்வோம். டெங்கு அப்படித்தான் வந்தது. கை கழுவாமை, நுண்கடன், போதைப்பொருள் எல்லாம் அப்படித்தான் வந்தன. சனசமூக நிலைய வளவில் பதாகை கட்டத் தொடங்கினாலே போதும், எங்கே கை தட்ட வேண்டும் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். கெட்டவர் திருந்துவார், அதிகாரி பேசுவார், ரோல்சும் சோடாவும் தருவார்கள். அடுத்த நாடகம் வரும்வரை ஊரில் வேறு பிரச்சினை இல்லை.

போன வருடம் சீதனத்தின் முறை.

நான் வேலை செய்யும் அலுவலகமும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து அதை நடத்தின. நடிக்க உத்தியோகத்தர் ஒருவர் வேண்டுமென்றார்கள். "நீங்கள் படிச்ச பிள்ளை, சத்தமும் நல்லாயிருக்கு" என்றார் மேலதிகாரி. மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஓம் என்றுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குக் கிடைத்த பாத்திரத்தை நினைத்துப் பயந்தேன். மாப்பிள்ளையின் தாய்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. நான் வேலைக்குப் போவதே மாமியின் தயவில்தான். கணவரின் தாயான அவர்தான் காலையிலிருந்து நான் திரும்பும்வரை என் மகனைப் பார்த்துக்கொள்கிறார். நடை பழகி, அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கிற வயது அவனுக்கு. என் அம்மா தெல்லிப்பழையில் அப்பாவின் நோய் வருத்தத்தோடு மல்லுக்கட்டுகிறார், இங்கே வந்து நிற்க முடியாது. மாமியின் முகம் கோணினால் எனக்கு வேலை இல்லை. போதாக்குறைக்கு, அந்த நேரம் கணவரின் தம்பிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாடகத்தைப் பழக்கியவர் பட்டணத்திலிருந்து வந்த இளைஞர். ஜிப்பா, தோளில் துணிப்பை. "அக்கா, இன்னும் கொடுமையா! கண்ணை உருட்டுங்கோ!" என்று என்னைக் கெஞ்சினார். உருட்டினேன். வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரேயொரு மாப்பிள்ளையின் தாய் கண்ணை உருட்டுகிறவர் அல்ல. என் கலியாணப் பேச்சின்போது சீலைத் தலைப்பை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, கோயிலில் கதைப்பதுபோல மெதுவாகத்தான் சொன்னார். அதை நினைத்தபோது என் வாய் தானாகவே சொல்லிற்று:

"நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை. உங்கடை பிள்ளைக்கு நீங்கள் விருப்பப்பட்டதைச் செய்யுங்கோ."

இளைஞர் துள்ளி எழும்பினார். "இதுதான் அக்கா! இதை எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

"சும்மா வாயிலை வந்தது" என்றேன்.

ஒரு சந்தேகத்தை மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் யாரும் சீதனம் வாங்குவதாக ஒப்புக்கொள்வதில்லை. வீடு, வளவு, நகை எல்லாம் பெண்ணுக்கே போகின்றன. மாப்பிள்ளை வீட்டுக்குக் காசாகப் போவதற்கு டொனேசன் என்று பெயர். சீதனம் கூடாது என்று மட்டும் சொன்னால் எல்லாரும் மனம் நிறையக் கை தட்டுவார்களே, டொனேசனையும் சேர்ப்போமா? அவர் பிரதியைப் புரட்டினார். "திட்டத்திலை சீதனம் எண்டுதான் கிடக்கு அக்கா."

நாடகத்தன்று மாமி என் மகனை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். நான் அந்த வசனத்தைச் சொன்னதும் வளவு முழுவதும் சிரித்தது. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமியும் சிரித்தார். அவர் பார்த்தது முன்வீட்டு அக்காவை. எனக்குப் போன உயிர் வந்தது.

அப்போதுதான் இளைஞர் நாடகத்தை இடைநிறுத்தினார். பார்ப்பவர்களில் ஒருவர் மேடைக்கு வந்து, கஷ்டப்படும் பாத்திரத்துக்குப் பதிலாக நின்று கதையை மாற்ற வேண்டும், அதுதான் இந்த நாடகத்தின் புதுமை. "பொம்பிளைப் பகுதியிலை, பொம்பிளையின்ரை தாய்க்குப் பதிலா ஆர் வாறியள்?" என்று கேட்டார். யாரும் அசையமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

மாமி மகனை என் கணவரிடம் கொடுத்துவிட்டு எழும்பினார்.

"ஒண்டும் கேக்கேல்லை எண்டு சொன்னனீங்களெல்லோ, சம்பந்தி?" என்றார் என்னைப் பார்த்து. "நல்லது. அப்ப நாங்களும் ஒண்டும் தரேல்லை. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

விசில் பறந்தது. நான் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது பிரதி. "ஊர் என்ன சொல்லும்?" என்றேன்.

"ஊர் உதிலைதானே இருக்குது. கேளுங்கோவன்."

பதறிப்போய்ப் பிரதியில் இல்லாததைச் சொன்னேன். "சீதனம் வேண்டாம். டொனேசன் மட்டும்..."

"டொனேசனோ? ஏன், உங்கடை பெடியன் கோயில் கட்டுறாரோ?"

வளவு அதிர்ந்தது. மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அடுப்படியில் உப்புக் கூடிப்போனால் பார்க்கிற அதே பார்வை. எனக்குப் பாத்திரம் மறந்துபோயிற்று.

"சரி மாமி, ஒண்டும் வேண்டாம் மாமி."

"அங்கை பார், மாப்பிளையின்ரை தாய் மருமோளாப் போட்டா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கதிரைகள் சரிந்தன.

இளைஞருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே நாடகத்தில் மனமாற்றம்! மாமியைப் பதாகைக்கு முன் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அதிகாரி தன் பேச்சில் "இந்தத் தாயைப் போல" என்று பலமுறை சொன்னார். மாமி இரண்டு ரோல்ஸ் வாங்கினார்.

வீடு வரும்வரை அவர் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். கோபமா, களைப்பா? என் வாயில் தன் குரலைக் கேட்டுவிட்டாரா? நாளைக்குப் பிள்ளையை யார் பார்ப்பது? கணவரைக் கேட்டேன். "நல்ல நாடகம்" என்றார்.

காலையில் மாமி வழமைபோல வந்து பிள்ளைக்குக் கை நீட்டினார். அதோடு போயிருக்கலாம். ஆனால் ஒருவேளை உண்மையாகவே மனம் மாறியிருந்தால்? ஞாயிற்றுக்கிழமை தரகர் வர இருந்தார். கேட்டுவிட்டேன்.

"மாமி, அப்ப தம்பியின்ரை விசயத்திலை டொனேசன் இல்லைத்தானே?"

மாமி கோபப்படவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

"என்ன பிள்ளை விசர்க்கதை கதைக்கிறீர்? நேற்று நான் பொம்பிளைப் பகுதியெல்லோ!"

பிறகு மகனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் கன்னத்தைத் துடைத்தபடி, மெதுவாகச் சொன்னார்: "உமக்கும் பெடியன்தானே. இருந்து பாரும்."

இதற்குப் பதில் என்னிடம் இருந்தது. நாடகத்தின் கடைசிப் பேச்சு முழுவதும் எனக்கு மனப்பாடம். சந்தியில் பஸ்ஸின் கோர்ன் கேட்டது. மகன் மாமியின் தோளில் வசதியாகச் சாய்ந்துவிட்டான்.

"போட்டு வாறன் மாமி" என்றேன்.