சோதனைக்கு அனுப்பிய செய்தி

ஓர் இணையத்தளம் எவ்வளவு பேரைத் தாங்கும் என்று, அதற்கு நூற்றுக்கணக்கான கோரிக்கைகளைத் தொடர்ந்து அனுப்பிப் பார்க்கும் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கோரிக்கையோடும் போகும் வாசகத்தைத் தட்டச்சு செய்யலாம், அல்லது கோப்பிலிருந்து எடுக்கலாம் என்று இன்று காலை இரண்டு தெரிவுகள் வைத்தேன்.

மாதிரிக்கு, "அம்மாவுக்குச் சுகமில்லை, உடனே வா" என்று அடித்து எங்கள் குடும்பத் தளத்துக்கே அனுப்பினேன். அங்கே போடும் செய்தி கொழும்பில் வேலை செய்யும் தங்கையின் கைபேசிக்குப் போகும் என்பதை மறந்துவிட்டேன்.

மதியம் அவள் அழைத்தாள்.

"அண்ணே, கினிகத்தேனை வரைக்கும் பஸ்ல வந்துட்டேன். அம்மா பேசுறாங்களா?"

"அம்மா நல்லா இருக்காங்க. அது நான் டெஸ்ட் பண்ண அனுப்புனது."



"அதே மெசேஜ் விடாம வந்துக்கிட்டே இருந்திச்சுண்ணே. ஒரு போன் கோல்கூட எடுக்க முடியல. செத்துட்டாங்கன்னே நெனச்சேன்" என்று அழுதாள்.

அட்டன் பஸ் நிலையத்தில் மழையில் காத்து நின்றேன். இறங்கியவள் என்னைத் தாண்டி மழையிலேயே நடந்தாள்.

வீட்டில் அம்மா, "என்னா புள்ள, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?" என்று சந்தோஷமாகக் கேட்டார்.

"ஒங்கள பாக்கணும் போல இருந்திச்சும்மா" என்றாள்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

மாதிரி வாசகத்தை "வணக்கம்" என்று மாற்றிவிட்டேன். இதிலும் வம்பு வரும் என்று தோன்றினால் இப்போதே சொல்லிவிடுங்கள்.