ஏழு பட்டையா, ஐந்து பட்டையா?

என் பழைய பிக்கப்பில் பின்பக்க ஸ்பிரிங் பட்டை ஒடிந்துவிட்டது. மாற்றுவதற்கு இன்று குன்னூர் பட்டறைக்குப் போனேன். வீட்டம்மாவும் கூட வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் பேத்திக்கு வளைகாப்பு. "இந்தக் குதிக்கிற வண்டியில நான் வரமாட்டேனுங்க. பஸ்ஸுல போயிக்கறேன்" என்று முன்பே சொல்லிவிட்டாள்.

பட்டறைக்காரர் இரண்டு ஸ்பிரிங் கட்டு எடுத்து வைத்தார். ஏழு பட்டைக் கட்டு லோடு தாங்கும். ஐந்து பட்டைக் கட்டு மெத்தென்று போகும்.

"ஏழே போடுங்க தம்பி. கேத்தி கேரட்டை எல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கின வண்டியாக்கும் இது" என்றேன்.

"இப்ப என்னங்கய்யா ஏத்தறீங்க?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் எட்டிப் பார்த்தார். நான்கு மூட்டைகள் கிடந்தன. "இதென்னங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டம்மா முந்திக்கொண்டாள்.

"கல்லுங்க தம்பி. வெறும் வண்டி குதிக்குதுன்னு கல்லை ஏத்தி வெச்சிருக்காரு. மேட்டுலயும் பள்ளத்துலயும் அதைத்தான் சுமந்துட்டுத் திரியறோம். அப்பவும் எனக்கு இடுப்பு ஒடியுது."

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "சரி, அஞ்சே போடுங்க" என்றேன்.

திரும்பி வரும்போது கேத்தி வளைவிலேயே வீட்டம்மா தூங்கிவிட்டாள். இந்த வண்டியில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. வீடு வந்ததும் கண்ணைத் திறந்து, "ஞாயித்துக்கிழமை நேரத்துலயே கெளம்போணுங்க" என்றாள்.

இறக்கிவைத்த நான்கு மூட்டைக் கல் வீட்டு வாசலில் சும்மா கிடக்கிறது. வேண்டுபவர்கள் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கொண்டுவந்து தரச் சொல்லாதீர்கள், இது இப்போது லோடு வண்டி இல்லை.