பகலில் எரிந்த நான்கு பல்புகள்

பட்டப்பகலில் நான்கு பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. சத்தியவேட்டுக்குப் பக்கத்தில், மின்கம்பி வராத ஒரு கிராமத்தின் பஞ்சாயத்து ரேடியோ அறை அது. வெளியே கம்பத்தின் உச்சியில் காற்றாடி சுழலும். அதில் பேட்டரி நிறையும். பேட்டரியில் ரேடியோ பேசும். எல்லைத் தீர்வின்படி அந்தப் பகுதி ஆந்திராவுக்குப் போகவிருந்த நேரம். ஒப்படைக்க வேண்டிய பொருட்களுக்குப் பட்டியல் போட்டு அரக்கு முத்திரை வைக்கும் குமாஸ்தா நான். நாற்காலிகளோடு ஆட்களையும் பட்டியலில் சேர்த்தோம். பொருளுக்குச் சேதமோ முத்திரைக்குப் பழுதோ வந்தால், அதற்குப் பொறுப்பான ஆளின் வேலை போகும்.

"யாருய்யா பகல்ல வெளக்கு போட்டது?" என்றேன்.

ரேடியோ ஆபரேட்டர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கூலி வேலை செய்த குடும்பத்தில் முதல் அரசாங்கச் சம்பளம் அவருடையது.

"பேட்டரி வயிறு ரொம்பிடுச்சி சார், இனிமே துன்னாது. காத்து அட்ச்சிகினே கீது. மிச்சத்த பல்புதான் துன்னணும்."

"ஒயரக் கழட்டு."

"கழட்டுனா காத்தாடி வெறி புட்ச்ச மாதிரி சுத்தும் சார். றெக்க ஒடஞ்சி யார் தலைல உழுமோ."

விளக்கம் தெளிவாகத்தான் இருந்தது. விதியில்தான் அதற்கு இடமில்லை. வீண்செலவு என்று குறித்துக்கொண்டு, பல்புகளை அணைத்து, சுவிட்சின் மேல் அரக்கு வைத்தேன். தொடமாட்டேன் என்று அவரிடம் கையெழுத்தும் வாங்கினேன்.

மூன்றாம் நாள் ஆந்திர அதிகாரியோடு திரும்பியபோது பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. அரக்கு உடைந்து கிடந்தது. பேட்டரியின் மூடிகளைச் சுற்றி அமிலம் பொங்கி வழிந்த தடம். ஆபரேட்டர் சலவைச் சட்டை போட்டு, வேலை போவதற்குத் தயாராக நின்றார்.

"நேத்து கொதிக்க ஆரம்பிச்சிடுச்சி சார். எந்த ராஜ்யத்துல கீறோம்னு ஊரே இதுலதான கேக்குது? பேட்டரி பூட்டா இன்னா பண்றது?"

"சீல் எவரு தீசாரு?" யார் பிரித்தது என்று அதிகாரி தெலுங்கில் கேட்டார்.

நான் பட்டியலை எடுத்து, 'முத்திரை என் முன்னிலையில் பிரிக்கப்பட்டது' என்று எழுதி, முந்தின நாள் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேட்டர் என் காதருகே வந்தார். "நேத்து நீங்க வர்லியே சார்?"

"வந்தேன். நீங்கதான் பாக்கல."

அதிகாரியும் கையெழுத்திட்டார். ஆபரேட்டர் ஓய்வு பெறும்வரை ஆந்திர அரசின் சம்பளத்தில் இருந்தார்.

இப்போதெல்லாம் காற்றாடியின் மிச்ச மின்சாரத்தை ஒரு சின்னப் பெட்டி தானே பார்த்துக்கொள்கிறதாம். அதனிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. என் பணிக்காலத்தில் நான் போட்ட பொய்க் கையெழுத்து அது ஒன்றுதான். மற்றவற்றில் அத்தனை உபயோகமான ஒன்று இதுவரை நினைவுக்கு வரவில்லை.