பிராங்குப் படைவீரனும் ஒரு பெரியம்மாவும்

நாங்கள் குடியேறிய மில்லிக்கன் பகுதியில் தமிழ்க் கடைக்குப் போகும்போது கோடையிலும் சீருடைக்கு மேல் ஜாக்கெட் போடுகிறேன். போடாமல் போனால் பேச்சு நின்று, வரிசை தானாக விலகுகிறது. விமான நிலையத்தில் வந்திறங்குபவர்களை விசாரிக்கும் வேலை எனக்கு. தோளில் இந்த நாட்டுக் கொடியின் மேப்பிள் இலை, நெஞ்சில் என் தமிழ்ப் பெயர்.

போன மாதம் ஓர் அம்மா அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். "தம்பி தமிழே? அப்பாடா!" என்று சிரித்தார். பக்கத்தில் மேலதிகாரி நின்றார். யாரிடம் வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்; தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் தமிழாக்கினார். "என்ரை மகனிட்டை." அழைப்புக் கடிதத்திலோ தங்கையின் மகன் என்றிருந்தது. பொய் சொல்கிறார் என்று மேலதிகாரி குறித்துக்கொண்டார். தங்கையின் பிள்ளை எங்களுக்குப் பிள்ளைதான். அவனுக்கு இவர் பெரியம்மா. இதை ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். ஊர்ப் பக்கம் சாய்கிறான் என்று மேலதிகாரி நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். "தம்பி, நீங்களெண்டாலும் சொல்லுங்கோவன்." "ப்ளீஸ் வெயிட், மேடம்" என்றேன். அடுத்த விமானத்தில் அவரைத் திருப்பி அனுப்பினோம்.

எனக்குப் பதினெட்டு வயதில், வவுனியாச் சோதனைச் சாவடியில் அப்பாவை மறித்த பொலிஸ்காரனின் சட்டையிலும் தமிழ்ப் பெயர்தான் இருந்தது. அப்பா தமிழில் கெஞ்சக் கெஞ்ச அவன் சிங்களத்திலேயே அதட்டினான். அவனை நான் மன்னித்ததே இல்லை. அவன் அதட்டினான், நான் மரியாதையாகச் செய்தேன். இரண்டு நாட்டுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம் போலிருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் உரோம வரலாறு படிக்கும் மகள் நேற்றுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கல்லறைக் கல்லின் படத்தைக் காட்டினாள். ரைன் ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்த பிராங்க் இனத்தவர் ஏராளமானோர் உரோமப் படையில் சேர்ந்தார்களாம், தளபதிகளும் ஆனார்களாம். இந்த வீரன், தான் பிராங்க் என்றும் உரோமப் படையாள் என்றும் ஒரே கல்லில் எழுத வைத்திருக்கிறான்.

"ஹீ வாஸ் போத், அப்பா! உங்களை மாதிரி. சோ கூல்!"

"பிராங்குகளோடயே சண்டை வரேக்கை அவன் என்ன செய்தவனாம்?"

"அது கல்லில இல்லை அப்பா."



இன்று ஜாக்கெட்டை மறந்துபோய்க் கடைக்குள் நுழைந்துவிட்டேன். முன்னால் நின்ற வயதானவர் விலகினார். "நீங்கள் போங்கோ சேர்."

"இல்லை அண்ணை, நீங்கள் நில்லுங்கோ."

தமிழைக் கேட்டதும் என் நெஞ்சைப் பார்த்தார். "தம்பி தமிழே?" என்று முகம் மலர்ந்தார். அந்த அம்மாவின் அதே சிரிப்பு. கையால் என் பெயரை மூடிக்கொண்டேன். தோளில் இலை அப்படியே தெரிந்தது.